ட-வில் தொடங்கும் சொல்

தாத்தா என்னைக் ‘காற்புள்ளி’ என்றுதான் கூப்பிடுவார். அச்சகத்தில் நாற்பது வருடம் பிழை திருத்தியவர் அவர். என் பேச்சில் முற்றுப்புள்ளியே வராதாம். அப்படிப்பட்ட என்னிடம்தான், டாக்டரின் அறைக்குள் வாயைத் திறக்கவே கூடாது என்று அம்மா அன்று சத்தியம் வாங்கினாள்.

போன மாதம் நூலகத்திலிருந்து திரும்பும்போது தாத்தா வேறு பேருந்தில் ஏறிவிட்டார். இரண்டு மணி நேரம் கழித்து நடந்தே வீடு வந்து சேர்ந்தார். புது ஊரில் பேருந்துகளுக்குத்தான் தன்னைத் தெரியவில்லை என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. வீட்டுச் சாவியை அவரிடமிருந்து வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து தாத்தா தனியாக வாசலைத் தாண்டவில்லை. சனிக்கிழமை தோறும் நாங்கள் இருவரும் நூலகத்துக்குப் போவதும் நின்றுபோனது.

டாக்டரிடம் போனது மறதிப் பரிசோதனைக்காக. அதில் தேறினால் சாவி திரும்பக் கிடைக்கும். தேறாவிட்டால் கிடைக்காது.

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. தாத்தாவுக்கு இந்த ஊர் மொழி அவ்வளவாக வராது. அதனால் மேசை நடுவில் ஒரு போன் இருந்தது. இவர் பேசுவதை அவருக்கும், அவர் பேசுவதை இவருக்கும் போனில் ஒரு மாமா மாற்றிச் சொல்வார். அவருக்குப் ‘போன் மாமா’ என்று பேர் வைத்தேன். மனசுக்குள்தான்.

முதல் கேள்விகளில் தாத்தா வெளுத்து வாங்கினார். தேதி, கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது, எல்லாம் சரி. பிறகு டாக்டர் தாளைப் பார்த்து ஓர் எழுத்தைச் சொன்னார்.

“ஐயா, ‘ட’வுல ஆரம்பிக்கிற வார்த்தை என்னென்ன தெரியுமோ, எல்லாத்தையும் ஒரு நிமிஷத்துல சொல்லுங்க” என்றார் போன் மாமா.

டாக்டர் கடிகாரத்தை அழுத்தினார். தாத்தா விட்டத்தைப் பார்த்தார். பத்து வினாடி போனது. இருபது போனது. அம்மாவின் முகம் சுண்டிவிட்டது.

நிமிடம் முடிந்ததும் தாத்தா நிதானமாக, “அப்படி ஒரு வார்த்தையே கிடையாதுங்க” என்றார்.

போன் மாமா அவசரத்தில், அவருக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை என்று டாக்டரிடம் சொல்லிவிட்டார். டாக்டர் தாளில் ஒரு சைபர் போட்டார்.

எனக்குப் பகீரென்றது. போன வருடம் ‘டப்பா’ தமிழ்ச் சொல் என்று சொல்லி நான் தாத்தாவிடம் வசமாக மாட்டிக்கொண்டேன். தமிழ்ச் சொல் எதுவும் ட-வில் தொடங்காது, டப்பாவும் டமாரமும் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவை என்று அரை மணி நேரம் விடவில்லை. அவருக்கு மறந்துபோகவில்லை. கேள்விதான் தப்பு!

சத்தியம் நினைவுக்கு வந்தது. ஆனால் நான் சும்மா இருந்தால் சாவி போய்விடும். வகுப்பில் செய்வதுபோலக் கையைத் தூக்கினேன். அம்மா கண்ணாலேயே என்னை உட்காரச் சொன்னாள். உதவி செய்யக்கூடாது என்றார் டாக்டர். உதவி இல்லை, உங்களிடம்தான் ஒரு கேள்வி என்று அவர் மொழியிலேயே சொன்னேன். அவர் தலையாட்டினார்.

“உங்க மொழியில ‘ங்’குல ஆரம்பிக்கிற வார்த்தை ஒண்ணு சொல்லுங்க.”

டாக்டர் “ங்... ங்...” என்று இரண்டு தடவை முக்கினார். ஜலதோஷம் பிடித்தவர் மாதிரி இருந்தது. “அப்படி ஒரு வார்த்தையே கிடையாதே” என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

“எங்க தாத்தாவும் அதையேதான் சொன்னார்” என்றேன்.

போன் மாமா தொண்டையைச் செருமி, தப்பு தன்மேல்தான் என்று ஒத்துக்கொண்டார். டாக்டர் சைபரை அடித்துவிட்டு, இந்தக் கேள்வி இந்த மொழிக்குப் பொருந்தாது என்று ஓரத்தில் எழுதினார். நிறைய சொற்கள் தொடங்கும் எழுத்து எது என்று போன் மாமாவிடம் கேட்டார். ‘ச’ என்று பதில் வந்தது.

பதினொரு சொல் வந்தால் போதுமாம். கடிகாரம் மறுபடி ஓடியது.

தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். “சந்தை, சருகு, சல்லடை, சாம்பல், சாலை, சிரிப்பு, சிலந்தி, சீப்பு...” அகராதி வரிசையிலேயே வந்துகொண்டிருந்தது! “சுண்டெலி, சுவர், செடி, செருப்பு...” என் பத்து விரலும் தீர்ந்து, அம்மாவின் விரல்களைப் பிடித்து எண்ணினேன். “சேவல், சொட்டு, சோம்பல்.” போன் மாமாவுக்கு மூச்சு வாங்கியது.

இன்னும் இருபது வினாடி மிச்சம் இருந்தது. தாத்தா அம்மாவின் கைப்பையைப் பார்த்தார்.

“ஒண்ணை வேணும்னேதான் விட்டேன். அதுவும் வெளியிலேர்ந்து வந்து ஒட்டிக்கிட்ட சொல்லு. நாமளும் இங்க அப்படித்தானே இருக்கோம், சேர்த்துக்கலாம்” என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். “சாவி.”

அம்மா சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். மீதிக் கேள்விகளும் முடிந்து, தாத்தாவின் ஞாபகசக்தி நன்றாகவே இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் கைப்பை திறந்தது.

அன்று வீட்டுக் கதவைத் தாத்தாதான் திறந்தார். வழி முழுக்க நான் பேசிக்கொண்டே வந்தேன், ஓர் இடத்தில்கூட முற்றுப்புள்ளி வைக்கவில்லை, தாத்தாவும் திருத்தவில்லை.