நல்லசாமி படுத்த தலையணை

புக்கிட் பெலிம்பிங்கைத் தாண்டி செம்பனைத் தோட்டத்துக்குள் கார் நுழைந்தபோது மழை பிடித்துக்கொண்டது. தொழிலாளர் லயத்தில் கடைசி வீடு. நல்லசாமி இறந்து காரியமும் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரி அவருக்கு இரவலாகக் கொடுத்திருந்த தலையணையைத் திரும்ப வாங்க வந்திருந்தேன்.

அது சாதாரணத் தலையணை இல்லை. அவர் நெஞ்சுக்குள், ரத்தக் குழாயில், அரிசி அளவில் ஒரு சென்சார் வைத்திருந்தார்கள். அதற்கு பேட்டரி கிடையாது. முதுகைத் தலையணையில் சாய்த்துப் படுத்தால் தலையணை அலை அனுப்பும். சென்சார் பதில் தரும். ரத்த அழுத்தம் திரையில் கோடாக ஓடும். ஆள் படுக்காவிட்டால் கோடு எழாது.

அவர் மனைவி லீலாவதி வாசலிலேயே நின்றார். உள்ளே விளக்கில்லை. ஈர மண் வாடை அடித்தது.

"பாயி, போர்வை எல்லாத்தையும் அவரோடவே குழியில போட்டாச்சு தம்பி. இத மட்டும் ஆஸ்பத்திரி சாமான்னு வச்சிட்டோம். தப்பு பண்ணிட்டோம் லா."

"ஏன் ஆன்ட்டி?"

"இன்னும் வந்து படுக்கிறாரு. உசுரோட இருந்தப்ப படுங்கன்னா கேக்கவே மாட்டாரு." குரல் தணிந்தது. "நான் கண்ண மூடி ரொம்ப நாளாச்சு. அவர எப்படியாச்சும் அனுப்பி வச்சிரு தம்பி."

"மிஷின் கோளாறா இருக்கும்."

"போட்டுத்தான் பாரேன்."

உள்ளே போய், கட்டில்மேல் கிடந்த தலையணைக்கு சுவிட்சைப் போட்டேன். திரையில் கோடு அசையாமல் கிடந்தது. பார்த்தீங்களா என்று திரும்பினேன்.

தலையணை நடுவில் மெல்ல அமுங்கியது.

கோடு எழுந்தது.

விழுந்தது. மறுபடி எழுந்தது.

அந்த சென்சார் தோட்டத்து இடுகாட்டில், அவர் நெஞ்சோடு மண்ணுக்குள் கிடக்கிறது.

வயரைப் பிடுங்கினேன். திரை அணைந்தது.

பள்ளம் அப்படியே இருந்தது.

"ஏங்க," லீலாவதி கட்டிலைப் பார்த்துக் கிசுகிசுத்தார். "தம்பி காரு வச்சிருக்கு. கூடப் போங்க."

பள்ளம் நிமிர்ந்தது. எடுத்தபோது தலையணை வெதுவெதுப்பாக இருந்தது. வழிநெடுக நான் பின்சீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை.

காலையில் லீலாவதி போன் செய்தார். "நல்லாத் தூங்கினேன் தம்பி. வீடே லேசா இருக்கு."

எனக்கும் மனப் பாரம் இறங்கியது. தலையணையை மருந்து போட்டுத் துடைத்து, புது உறை மாட்டி, சுங்கை பெசாருக்குக் கொண்டுபோனேன். தாயம்மா என்ற புது நோயாளி அதற்காகக் காத்திருந்தார். நல்ல வெயில். ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது. அவர் படுத்தார். கோடு ஒழுங்காக ஓடியது.

ஆனால் அவர் நகர்ந்து நகர்ந்து கட்டிலின் ஓரத்துக்கே போய்விட்டார்.

"நடுவுல படுங்க ஆன்ட்டி. விழுந்துடப் போறீங்க."

"எங்க படுக்கிறது?" அவர் எரிச்சலோடு என்னைப் பார்த்தார். "உன்கூட வந்தவர மொதல்ல எந்திரிக்கச் சொல்லு."