எவாரிஸ்டோவின் வீடு லாரி ஏறிய நாள்

கோடை விடுமுறை தொடங்கி இரண்டாவது நாள். நெகானே தன் ஆட்டுக்குட்டிக்குப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பாதிப் புட்டி காலியாவதற்குள் வாசலில் ஒரு வீடு வந்து நின்றது.

உண்மையாகவே வீடுதான். கதவு இருந்தது, இரண்டு ஜன்னல்கள் இருந்தன, ஜன்னலில் மஞ்சள் திரைகூட இருந்தது. சக்கரம் மட்டும் இல்லை. பக்கத்துப் பண்ணை டார்லீனின் பிக்கப் வண்டி அதை முதுகில் சுமந்துகொண்டு வந்திருந்தது.

"அம்மா! கேம்பர் வந்தாச்சு!" என்று நெகானே கத்தினாள்.

அவள் எழுந்து ஓட, புட்டி போன திசையில் குட்டியும் ஓடியது. அந்தக் குட்டியின் பெயர் டோனட். சாப்பாட்டுக்குப் பின்னால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் வரும்.

நெகானேயின் அம்மா அய்னாரா கொட்டகையிலிருந்து கையைத் துடைத்தபடி வந்தார். ஐடஹோவின் அந்தப் பகுதியில் ஆயிரத்து இருநூறு செம்மறிகளை வைத்துச் சமாளிப்பவர் அவர். அவருக்குப் பின்னால் அவருடைய தம்பி பாட்சி மாமா வந்தார். கடைசியாக, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மேய்ப்பர் எவாரிஸ்டோ வந்தார்.

கேம்பர் அவருக்காகத்தான். சனிக்கிழமை விடிந்ததும் அவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மலைக்குப் போக வேண்டும். இலையுதிர்காலம் வரை அங்கேதான் வாசம். முன்பு அவருக்கு ஒரு மரவண்டி வீடு இருந்தது. போன வருடம் அதன் அச்சு முறிந்துபோனது. கடைசி இரண்டு வாரம் கூடாரத்தில் படுத்தார். அப்போது பனி கொட்டியது. கீழே இறங்கி வந்தவர் ஒரு மாதம் இருமினார். அந்த இருமல் சத்தம் நெகானேவுக்கு இன்னும் மறக்கவில்லை.

"எப்படி இருக்கு, எவாரிஸ்டோ?" என்று டார்லீன் கேட்டார். "அடுப்பு இருக்கு, கட்டில் இருக்கு, தண்ணித் தொட்டி இருக்கு. கொஞ்சம் பழசுதான். ஆனா ஒழுகாது."

எவாரிஸ்டோ கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "எங்க ஊர்ல, பெருவுல, என் கல்யாணத்தப்போ எனக்குக் கிடைச்ச அறை இதைவிடச் சின்னது, அம்மா" என்று சொல்லிச் சிரித்தார்.

திட்டம் சுலபமாகத்தான் இருந்தது. கேம்பரின் நான்கு மூலைகளிலும் ஜாக்கி வைத்த இரும்புக் கால்கள் இருந்தன. கைப்பிடியைச் சுற்றினால் கால்கள் கீழே இறங்கித் தரையில் ஊன்றும். வீடு தானாக மேலே எழும்பும். பிக்கப் வண்டி அடியிலிருந்து நழுவி, டார்லீனின் பண்ணை வேலைக்குத் திரும்பிப் போய்விடும். பிறகு அய்னாராவின் தட்டை லாரி அதே இடத்தில் பின்னோக்கி வந்து நிற்க வேண்டும். கால்களைச் சுருக்கினால் வீடு லாரிமேல் உட்கார்ந்துவிடும்.

லாரியை பாட்சி மாமா நேற்றே தயார் செய்திருந்தார். பக்கக் கம்பிகளைக் கழற்றிவிட்டார். டிரைவர் அறைக்குப் பின்னால் நின்ற கம்பித் தடுப்பையும் எடுத்துவிட்டார். ஏனென்றால் கேம்பரின் கட்டில் பகுதி மூக்கு மாதிரி முன்னால் நீண்டிருந்தது; அது டிரைவர் தலைக்கு மேலே போய் நிற்க வேண்டும். வீடு வழுக்காமல் இருக்கத் தட்டின்மேல் ரப்பர் பாய்கூட விரித்திருந்தார்.

எல்லோரும் மாறி மாறிக் கைப்பிடி சுற்றினார்கள். வீடு எழும்பியது. டார்லீன் பிக்கப்பை வெளியே எடுத்தார். வீடு நான்கு காலில் கொக்கு போல நின்றது.

"இப்ப பாருங்க என் திறமையை!" என்று பாட்சி மாமா லாரியில் ஏறினார்.

நெகானேவுக்கு என்னவோ உறுத்தியது. அளவு நாடாவை எடுத்தாள். இரண்டு கால்களுக்கு நடுவே அளந்தாள். ஏழு அடி. பிறகு ஓடிப்போய் லாரித் தட்டின் அகலத்தை அளந்தாள். ஏழரை அடி.

"மாமா, நில்லுங்க! நில்லுங்க!"

லாரி கேம்பருக்கு ஒரு முழம் முன்னால் கிறீச்சென்று நின்றது.

"என்னடி?"

"லாரி தொப்பையைப் போட்டிருக்கு மாமா. நுழையாது."

பாட்சி மாமா இறங்கி வந்து தானே அளந்தார். இன்னொரு தடவை அளந்தார். நாடாவைத் திருப்பிப் போட்டும் அளந்தார்.

"நாடா என்ன பண்ணும், பாவம்? விடுடா" என்றார் அய்னாரா.

கால்களைக் கழற்றிவிடலாம், நாலு திருகாணி, அவ்வளவுதான். ஆனால் கழற்றிவிட்டால் வீட்டை யார் தூக்குவது? கால்களை வெளியே தள்ளி வைக்கும் இரும்பு வாங்கலாம். வந்து சேரப் பத்து நாள் ஆகுமாம். அய்னாரா டவுனுக்கு போன் போட்டார். பாரம் தூக்கும் கிரேன் செவ்வாய்க்கிழமைதான் வருமாம்.

இன்று வியாழன். ஆடுகளைச் செவ்வாய் வரை நிறுத்தவும் முடியாது. கீழே புல் காய்ந்துவிட்டது.

எவாரிஸ்டோ தொப்பியைப் போட்டுக்கொண்டார். "பரவாயில்லை அம்மா. கூடாரமே போதும். எனக்குப் பழக்கம்தான்."

அவர் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நெகானேவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

டார்லீனின் பிக்கப்பே கேம்பரை மறுபடியும் முதுகில் ஏற்றிக்கொண்டது. பாட்சி மாமா லாரியைக் கொண்டுபோய், அது வழக்கமாக நிற்கும் இடத்தில் நிறுத்தினார். எல்லோரும் கொட்டகை நிழலில் உட்கார்ந்து ரொட்டியும் காரத் தொத்திறைச்சியும் சாப்பிட்டார்கள்.

திடீரென்று பாட்சி மாமா தொடையைத் தட்டினார். "அக்கா! ரெண்டு வண்டியையும் முதுகோடு முதுகா நிறுத்துவோம். இதுலேருந்து அதுக்கு வீட்டை அப்படியே தள்ளிவிட்டா முடிஞ்சது!"

நெகானே யோசித்தாள். தன் ரொட்டித் துண்டைத் தட்டில் வைத்து மெதுவாகத் தள்ளிப் பார்த்தாள்.

"மாமா, அப்படிச் செஞ்சா வீடு திரும்பிக்கும். மூக்கு பின்பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கும். கதவு டிரைவர் அறையில முட்டிக்கும்."

"அப்ப எவாரிஸ்டோ எப்படி உள்ள போவாரு?" என்று டார்லீன் கேட்டார்.

"ஜன்னல் வழியா" என்றார் எவாரிஸ்டோ. "நான் ஒல்லிதான். ஆனா கோழிக்கறி சாப்பிட்ட அன்னிக்குக் கஷ்டம்."

எல்லோரும் சிரித்தார்கள். பாட்சி மாமாவும் சிரித்தார். ஆனாலும் பிரச்சினை அப்படியே இருந்தது.

அப்போது எங்கிருந்தோ "மே... மே..." என்று சத்தம் வந்தது. நெகானே சுற்றிலும் பார்த்தாள். டோனட்டைக் காணோம். சத்தம் உயரத்திலிருந்து வந்தது.

டோனட் லாரித் தட்டின் நடுவில் நின்று, ரப்பர் பாயின் மூலையைச் சுவைத்துக்கொண்டிருந்தது.

"அடப் பாவி! உன்னை யாரு அங்க ஏத்துனா?" என்றாள் நெகானே.

"யாரும் ஏத்தல. மேட்டு வழியா நடந்து போயிருக்கும்" என்றார் அய்னாரா.

லாரி நின்றது ஆடு ஏற்றும் மேட்டின் ஓரத்தில். ஒரு பக்கம் சரிவாக ஏறும் மண்மேடு அது. மறுபக்கம் பழைய ரயில் கட்டைகளை அடுக்கிச் செங்குத்தாக நிறுத்தியிருந்தார்கள். லாரித் தட்டும் மேடும் ஒரே உயரம். ஆடுகள் சரிவில் ஏறி நேராக லாரிக்குள் நடந்துவிடும்.

நெகானே அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா, நாம என்னைக்காவது ஆட்டைத் தூக்கி லாரியில போட்டிருக்கோமா?"

"ஆயிரத்து இருநூறையுமா? என் இடுப்பு என்னாகும்?"

"அப்ப வீட்டை மட்டும் ஏன் தூக்கணும்?"

அவள் வேகமாக வந்து உட்கார்ந்தாள். சாப்பாட்டுப் பெட்டியை நடுவில் வைத்தாள். "இது மேடு. இந்தத் தட்டு டார்லீன் அத்தையோட பிக்கப். ரொட்டிதான் கேம்பர். முதல்ல பிக்கப் பின்பக்கமா மேட்டுகிட்ட வருது. நாம வீட்டை மேட்டு மேல இழுத்துடறோம். பிக்கப் போயிடுது. அதே இடத்துக்கு நம்ம லாரி வருது. இப்ப வீட்டோட மூக்கு லாரிப் பக்கம்தானே இருக்கு? அப்படியே தள்ளிட வேண்டியதுதான். தூக்கவே வேண்டாம். அதனால காலையும் கழட்டிடலாம்!"

எல்லோரும் குனிந்து தட்டையும் பெட்டியையும் பார்த்தார்கள்.

"எங்க, இன்னொரு தடவை காட்டு" என்றார் அம்மா.

நெகானே திரும்பினாள். பெட்டிமேல் ரொட்டி இல்லை.

"மாமா! அது கேம்பர்! அதைப் போய்த் தின்னுட்டீங்களே!"

பாட்சி மாமா வாயை மூடிக்கொண்டு மென்றார். "நல்ல கேம்பர். கொஞ்சம் உப்பு கம்மி."

அதற்குமேல் யாரும் உட்காரவில்லை. டார்லீனின் பிக்கப் மேட்டைவிடச் சற்றுத் தாழ்வாக இருந்தது. பின்சக்கரங்களை இரண்டு கட்டைகள்மேல் ஏற்றியதும் சமமாகிவிட்டது. இரும்புக் கால்களைக் கழற்றினார்கள். மேட்டின்மேல் பலகை விரித்து, அதில் உருண்டையான வேலிக் கம்பங்களைக் குறுக்கே வைத்தார்கள். அய்னாரா டிராக்டரில் ஏறினார். கயிறு விறைத்தது. வீடு முனகியது. பிறகு கம்பங்கள்மேல் உருண்டு மெல்ல மெல்ல மேட்டுக்கு வந்தது.

டார்லீன் கைதட்டினார். பிக்கப் போனது, லாரி வந்தது.

இப்போது தள்ள வேண்டும். டிராக்டரின் இரும்பு வீட்டை நசுக்கிவிடக் கூடாதே என்று எவாரிஸ்டோ ஒரு கம்பளி மூட்டையைக் கொண்டுவந்து நடுவில் செருகினார். நெகானேவை ஓரமாக நின்று பார்க்கச் சொன்னார்கள். "எது கோணலாப் போனாலும் கத்து. கிட்ட மட்டும் வராதே" என்றார் அம்மா.

வீடு நகர்ந்தது. ஒரு அடி, இரண்டு அடி. மூக்கு லாரிக்கு மேலே நீண்டது. முதல் கம்பம் லாரித் தட்டில் ஏறியது.

நெகானே வீட்டைப் பார்க்கவில்லை. அவள் கண் கீழே இருந்தது. மேட்டுக்கும் லாரிக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. அது இரண்டு விரலானது.

"நில்லுங்க! லாரி முன்னால போகுது!"

டிராக்டர் நின்றது. எல்லோரும் ஓடிவந்து பார்த்தார்கள். இடைவெளி நாலு விரல் இருந்தது. வீடு தள்ளுகிற வேகத்தில் லாரியும் சேர்ந்து நகர்ந்திருந்தது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் வீட்டின் அடிப்பாகம் அந்தப் பள்ளத்தில் இறங்கியிருக்கும்.

பாட்சி மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. "பிரேக் போட்டுத்தான் வச்சேன்... ஆனா சக்கரத்துக்குக் கல்லு வைக்கல."

அவர் கையில் அகப்பட்ட பெரிய கற்களையெல்லாம் உருட்டி வந்தார். எவாரிஸ்டோ லாரியைச் சங்கிலியால் ரயில் கட்டையோடு இழுத்துக் கட்டினார். நெகானே குனிந்து ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்த பிறகு கட்டைவிரலை உயர்த்தினாள்.

மறுபடியும் தள்ளினார்கள். இந்த முறை லாரி அசையவில்லை. "இன்னும்! இன்னும்! பாரம் முன்னால இருந்தாத்தான் மலை ஏறும்போது லாரி மூக்கைத் தூக்காது!" என்று டார்லீன் கத்திக்கொண்டே இருந்தார். வீட்டின் முன்சுவர் தட்டின் முன்விளிம்பைத் தொட்டதும் நின்றது. கடப்பாரையால் நெம்பிக் கம்பங்களை ஒவ்வொன்றாக உருவினார்கள். வீடு ரப்பர் பாய்மேல் பொத்தென்று உட்கார்ந்தது. நான்கு மூலைக்கும் நான்கு சங்கிலி போட்டு முறுக்கினார்கள். எவாரிஸ்டோ ஒரு சங்கிலியைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார். மயிரிழைகூட அசையவில்லை.

வெள்ளிக்கிழமை முழுவதும் சின்னச் சின்ன வேலைகள். பாட்சி மாமா பின்விளக்குக்கு ஒயர் இழுத்தார். கேம்பரின் அடிப்பாகம் குறுகல்; அதனால் லாரித் தட்டில் இரண்டு பக்கமும் நீளமாக இடம் மிச்சமிருந்தது. ஒரு பக்கத்தில் சாமான் பெட்டி வைத்தார்கள். மறுபக்கத்தில் என்ன வைப்பது என்று பேச்சு வந்தபோது, எவாரிஸ்டோவின் இரண்டு நாய்களும் ஏற்கெனவே அங்கே ஏறிப் படுத்திருந்தன. பேச்சு முடிந்துவிட்டது. நெகானே அவற்றுக்கு ஒரு பழைய கம்பளத்தை விரித்தாள்.

சனிக்கிழமை காலை குளிராக இருந்தது. ஆடுகள் பட்டி வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. புறப்பட இன்னும் கால்மணி நேரம் இருந்தது. அப்போது கேம்பரின் பின்கதவு திறந்தது.

"நெகானே பாப்பா! கொஞ்சம் மேல வாங்க."

அவள் ஏணியில் ஏறி உள்ளே போனாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே கதகதப்பாக இருந்தது. சுவரில் எவாரிஸ்டோவின் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்த படம் மாட்டியிருந்தது. மடக்கு மேசைமேல் இரண்டு கோப்பைகளில் சூடான சாக்லேட் ஆவி பறந்தது.

"உக்காருங்க. எங்க ஊர்ல புது வீட்டுக்கு முதல்ல வர்றவங்களைச் சும்மா அனுப்ப மாட்டோம்" என்றார் எவாரிஸ்டோ.

நெகானே ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மஞ்சள் திரைக்கு வெளியே மலை தெரிந்தது. அதன் உச்சியில் இன்னும் பனி இருந்தது.

"அங்க பனி பெஞ்சா?" என்று கேட்டாள்.

"பெய்யட்டும். நான் உள்ள இருந்து வேடிக்கை பாப்பேன்."

கதவை யாரோ தட்டினார்கள். பாட்சி மாமாவின் குரல் கேட்டது. "வாசனை இங்க வரைக்கும் வருது! எங்களுக்கு?"

"உள்ள ரெண்டு பேருக்குத்தான் இடம்!" என்றார் எவாரிஸ்டோ. "வரிசையில நில்லுங்க, ஐயா!"

"முந்தாநாள் கல்லு உருட்டினது நான்தானே?"

"கேம்பரைத் தின்னதும் நீங்கதானே மாமா?" என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள் நெகானே.

வெளியே அம்மா சிரிப்பது கேட்டது. நெகானே கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, அவசரமே இல்லாமல் இன்னொரு வாய் குடித்தாள்.