ஆறு மணி ஆட்டம்

பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்த செஸ் கம்ப்யூட்டரில் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே எரியும் சின்ன பல்பின் வெளிச்சம்தான் பலகையில் விழுகிறது என்று ஆம்ப்ரோஸ் முதலில் நினைத்தார். எழுந்து போய் அந்த பல்பை அணைத்தார். மழைக்கு இருட்டிவிட்ட சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக் வீட்டில், பக்கத்து வீட்டில் வறுக்கும் பெலாச்சான் இறால் விழுதின் வாடையும் மூங்கில் கழியில் நனையும் துணியின் சொட்டுச் சத்தமும் நிறைந்திருந்த கூடத்தில், பலகையின் விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிந்தது. அவர் அதன்மேல் துண்டைப் போட்டு மூடினார்.

மனைவி பிலோமினம்மாள், இறந்துபோன இஞ்ஞாசியின் ஏழாம் நாள் பூசைக்குப் போயிருந்தாள். "இருபது வருஷ பிரண்டு. நீங்க வரலைன்னா சனம் என்ன பேசும் லா?" என்று கேட்டாள். முட்டி வலி என்று சொல்லிவிட்டார். செய்ததைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணாமல் பூசையில் நற்கருணை வாங்க முடியாது. பண்ணவோ வெட்கம் பிடுங்கித் தின்றது.

வாதம் வந்து தேக்கா பஃபலோ ரோடு வீட்டில் படுக்கையில் விழுந்த பிறகும், மூவேளை செபம் முடிந்ததும் சரியாக ஆறு மணிக்கு இஞ்ஞாசி போன் போடுவார். அங்கே ஒரு பலகை, இங்கே ஒரு பலகை. கட்டத்தின் எண்ணைச் சொல்லிச் சொல்லியே ஆடுவார்கள். "கை கால் போனா போவுது. மூளை இருக்கான்னு பார்க்கத்தான் ஆடறேன்" என்பார். கோணிப்போன பாதி வாயால் பேசிக்கொண்டே ஜெயித்துவிடுவார்.

படுத்த படுக்கையாகக் கிடப்பவனிடமும் தோற்பதா என்று ரோஷம் வந்துதான் ஆம்ப்ரோஸ் அந்தக் கம்ப்யூட்டரை வாங்கினார். எதிராளி வைத்த காயின் கட்டத்தை விரலால் அழுத்தினால் பீப் என்று சத்தம் வரும். பதில் ஆட்டம் எந்தக் கட்டம் என்று சிவப்பு விளக்கு காட்டும். பீப் போனில் கேட்டுவிடாமல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, ஓரத்தைத் தூக்கிப் பார்த்து அது காட்டியதை அப்படியே சொன்னார். ஏழு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தார்.

"நீ நல்லா ஆடற ஆம்ப்ரோஸ். எனக்குத்தான் மூளை போச்சு." அன்றோடு இஞ்ஞாசி போன் போடுவதை நிறுத்தினார். கஞ்சி கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டே வாரத்தில் போய்ச் சேர்ந்தார். கடைசியாகப் பார்க்கப் போனபோது, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆம்ப்ரோஸின் தொண்டை வரை அந்த வார்த்தை வந்தது. நான் ஆடலடா, மெஷின்தான். அதை விழுங்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். மனுஷனா நான் என்று அன்றிலிருந்து அவர் தன்னையே கேட்காத நாள் இல்லை.

போன் அடித்தது.

சுவர்க் கடிகாரத்தில் மணி ஆறு. பிலோமினம்மாளாக இருக்கும். மழை, பஸ் கிடைத்திருக்காது. எடுத்தார்.

மூச்சு. பாதி வாயால் விடுகிற, விசில் கலந்த மூச்சு.

"ஆம்ப்ரோஸ்."

அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"யாரு ஆடுனது?"

இப்போதாவது சொல்லலாம். ஒரே வார்த்தை. நாக்கு புரண்டது.

"நான்தான்."

மறுமுனையில் மூச்சு நின்றது.

துண்டுக்குள் பீப். துண்டின் நடுவே ஒரு விரலளவு பள்ளம் விழுந்தது. பீப். அடுத்த கட்டம். பீப். இன்னும் கிட்டே. மேஜை விளிம்பைப் பிடித்திருந்த அவர் கையின்மேல், கண்ணுக்குத் தெரியாத விரல் அழுத்தியதுபோல் சதை அமுங்கியது. சில்லென்று. மணிக்கட்டு. முழங்கை. தோள். கழுத்து.

நெற்றி.

"மெஷின்தான்டா" என்று கத்தினார். வாய் ஒரு பக்கம் கோணியது. வார்த்தை வரவில்லை.

நடைபாதையில் பிலோமினம்மாளின் செருப்புச் சத்தம். கதவு திறந்தது. ரிசீவரைக் காதில் வைத்தபடி அவர் நின்றுகொண்டிருந்தார். பாதி வாயிலிருந்து விசில் மட்டும் வந்துகொண்டிருந்தது. அவர் நெற்றியின் நடுவே, விரல் எடுக்காத பள்ளம்.