யாருடைய குரல் இது?

“ஏங்க… குடையை மடக்கத் தெரியாதா? தண்ணி பூரா என் மடியில!”

நெய்வேலி டவுன்ஷிப் பஸ்ஸில் தமிழ்நிலா சீறினாள். குடைக்காரி திரும்பினாள். அடடா… என்ன கண்கள்! மழையில் கழுவிவிட்ட மாதிரி பளிச்சென்று.

“ஏற்கெனவே தொப்பலா நனைஞ்சிகினுதான உக்காந்திருக்கீங்க? என் குடை என்னாங்க புதுசா நனைச்சிட்டுது?”

கோபம் வந்த வழியே போய்விட்டது. பாழாய்ப்போன மனசு… ஒரு பெண்ணைப் பார்த்து இப்படித் துள்ளுகிறதே!

சற்று நேரத்தில் அதே கண்கள் மனநல ஆலோசனை மையத்தில், எதிர் நாற்காலியில்! குள்ளஞ்சாவடி ஆதிலட்சுமி, சில மாதங்களாக நிலா படிக்கும் ஆலோசகர் பயிற்சிக்கு இன்று புதிதாகச் சேர்ந்தவள். பயிற்சி பெறுபவர்களின் வேலையை வாரந்தோறும் கேட்டுத் திருத்துகிற மேற்பார்வையாளர் செங்கமலம்.

“ஒரு ஒத்திகை பாப்போம். ஆதி, நீ ஆலோசனைக்கு வந்தவ. நிலா, நீ பதில் சொல்லு.”

ஆதி நிமிர்ந்தாள். “எனக்கு… ஒரு பொண்ணைப் புடிச்சிருக்குதுங்க.”

நிலா திடுக்கிட்டாள். தன் மனசும் பெண்களைத்தான் தேடுகிறது என்று தெரிந்தால் பயிற்சி போச்சு என்றே இத்தனை நாள் பயந்திருந்தாள். பெண்ணைப் பெண் விரும்புவது குற்றமில்லை என்று நாட்டில் தீர்ப்பு வந்தாயிற்று. அவள் குடியிருக்கும் குவார்ட்டர்ஸுக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை. பதறிப்போய், “ஒரு கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்” என்று உளறிவிட்டாள்.

ஆதியின் முகம் சுருங்கிப்போனது.

“நிறுத்து!” என்றார் செங்கமலம். “இது உன் பேச்சே இல்லையே நிலா. யாரு குரல்? வேணாம்னா சொல்ல வேணாம்…”

மழுப்பியிருக்கலாம். எதிரே கலங்கிய கண்களைப் பார்த்தபின் முடியவில்லை.

“எங்கம்மா குரல் மேடம். என்கிட்ட சொன்னது. நானும்… அப்படித்தான். பயிற்சியிலேர்ந்து எடுத்துடுவீங்களா?”

“எதுக்கு எடுக்கணும்? வகுப்புல ‘நாளைக்கு உன் புருஷன்’னு உதாரணம் சொல்லிச் சொல்லியே உன்னை ஒளிய வச்சவ நான். அதை நான் மாத்திக்கிறேன். பயந்துகிட்டிருந்தா வர்றவங்க வலி காதுல ஏறாதும்மா. இங்க நீ நீயாவே பேசு, உனக்கு நான் பொறுப்பு. ம்… மறுபடி பதில் சொல்லு.”

நிலா ஆதியைப் பார்த்தாள். “உங்ககிட்ட திருத்த ஒண்ணுமே இல்லைங்க. அந்தப் பொண்ணைப் பத்திச் சொல்லுங்க… கேக்கிறேன்.”

“இதான் ஆலோசகர்!” செங்கமலம் மேசையைத் தட்டினார். நிலாவுக்கு ஊரையே ஜெயித்த மாதிரி இருந்தது.

மாலை, பஸ் ஸ்டாப்பில் ஷிப்ட் முடிந்த கூட்டம். மழை விடவில்லை.

“யாருங்க அந்தப் பொண்ணு?” நிலா மெல்லக் கேட்டாள்.

“பொண்ணு யாரும் இல்லீங்க…” ஆதி உதட்டைக் கடித்தாள். “பொண்ணுங்களத்தான் புடிக்குங்கறது மட்டும் நெசம்.”

நிலா ஒரு அடி நெருங்கினாள். இனி எதற்கு மென்று விழுங்குவது?

“எனக்கு உங்களைப் புடிச்சிருக்கு ஆதி!”

மழைச் சத்தத்தை மீறிக் கேட்டது. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

ஆதி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். “எனக்குந்தாங்க… இன்னும் சத்தமா சொல்லட்டுமா?”