பூட்டிய அறையிலிருந்து ஒரு சீழ்க்கை

இந்தோனேசியாவில், பாண்டுங் மலைச்சரிவில் இருந்த அந்தப் பழைய வீட்டுக்கு வுலான் குடிவந்த அன்று மழை பிடித்துக்கொண்டது. அதன் பிறகு விடவே இல்லை. கீழே வீட்டுக்கார அம்மா, இபு எந்தின், தனியாக இருந்தார். மேல்மாடியில் இரண்டு அறைகள். ஒன்று வுலானுக்கு. மற்றது பூட்டிக் கிடந்தது.

"பக்கத்துல யாரு இருக்காங்க, இபு?"

"யாரும் இல்ல, நெங்," என்றார், மகளைக் கூப்பிடுவதுபோல. "ஹெந்தார்னு ஒருத்தரு வருஷக்கணக்கா இருந்தாரு. தூக்கத்துலயே போயிட்டாரு. சொந்தம்னு சொல்லிக்கிட்டு ஒரு ஆளு வரல. மசூதிக்காரங்கதான் அடக்கம் பண்ணாங்க." கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "பாவம், இருக்காரா இல்லையான்னே தெரியாது. அவ்வளவு சத்தமில்லாத மனுஷன்."

விவாகரத்தான கையோடு ஜகார்த்தாவிலிருந்து மாற்றல் வாங்கி வந்தவள் வுலான். அலுவலகத்தைத் தவிர அவளை யாரும் போனில் கூப்பிடுவதில்லை. மாலையில் கதவைச் சாத்தினால் அவளுக்குத் துணை ஒரு வீடியோ கேம்தான்.

அந்தக் காலத்துப் பாணியில் செய்த விளையாட்டு அது. ஆரஞ்சும் கறுப்புமாக ஒரு நகரம், படகு மாதிரி நீண்ட கார்கள், பின்னணியில் சோம்பலாக ஒரு சாக்ஸபோன். தொப்பி வைத்த திருடன் மாளிகைக்குள் புகுந்து, காவலர் கண்ணில் படாமல் வைரத்தை எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டும். துப்பாக்கி கிடையாது. பதுங்கத்தான் வேண்டும். யார் கால் வைத்தாலும், குளத்தில் கல் விழுந்ததுபோல அந்த இடத்தில் வெள்ளை வட்டம் விரியும். ஒரு பட்டனை அழுத்தினால் திருடன் சீழ்க்கை அடிப்பான். காவலன் சத்தம் வந்த திசைக்குப் போவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். ஓட்டின்மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. திருடன் படிக்கட்டின் அடியில் மாட்டிக்கொண்டான். காவலனின் டார்ச் வெளிச்சம் அவன் காலருகே வந்துவிட்டது.

அப்போது மாளிகையின் ஆளில்லாத அறை ஒன்றில் வெள்ளை வட்டம் விரிந்தது.

காவலன் திரும்பி அங்கே போனான். திருடன் தப்பினான்.

விளையாட்டில் ஏதோ கோளாறு என்று வுலான் சிரித்துக்கொண்டாள். சும்மா சீழ்க்கைப் பட்டனை அழுத்திப் பார்த்தாள்.

அதே அறையிலிருந்து பதில் வட்டம் வந்தது. கூடவே ஒரு சீழ்க்கை. மெலிதாக, உலர்ந்த உதட்டிலிருந்து வருவதுபோல.

காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள்.

சத்தம் நிற்கவில்லை.

அது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது.

அன்று விளக்கை அணைக்காமலே படுத்தாள். ஆனால் மறுநாள் மாலை மறுபடி விளையாட உட்கார்ந்தாள். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் இந்த ஊருக்கு வந்தபின் அவளுக்குத் தானாக ஒத்தாசை செய்தது அது ஒன்றுதான்.

அவள் சீழ்க்கை அடித்தால் அது பதில் சொன்னது. அவள் மாட்டிக்கொண்டால் காவலனை வேறு பக்கம் இழுத்துப் போனது. வேலை முடிந்ததும் வுலான் வீட்டுக்கு ஓடத் தொடங்கினாள்.

"ஏய், பக்ஸோ சூப் சாப்பிடப் போறோம், வர்றியா?" என்றாள் அலுவலகத்தில் பக்கத்து மேஜையில் இருந்த தாத்தி. "அப்படி என்னடி தினம் ஓட்டம்? வீட்டுல யாரையாவது ஒளிச்சு வச்சிருக்கியா?"

"அப்படியே வச்சுக்கோ" என்று மழுப்பிவிட்டு வுலான் பஸ் ஏறினாள்.

நாள் போகப்போக அறையில் கிராம்பு சிகரெட்டின் வாடை தங்கியது. சீழ்க்கை சுவருக்குப் பின்னால் இருந்து அலமாரிக்கு வந்தது. அப்புறம் கட்டிலருகே.

கடைசிக் கட்டம் வந்த மாலையும் மழைதான். வைரம் கைக்கு வந்துவிட்டது. காவலர்கள் எல்லோரும் தூரத்தில் இருந்தார்கள். எதிரே தோட்டத்து வாசல் திறந்து கிடந்தது. அதைத் தாண்டினால் ஆட்டம் முடிந்தது.

வாசலில் ஒரு வட்டம் விரிந்தது.

திருடனை இடப்பக்கம் நகர்த்தினாள். வட்டமும் இடப்பக்கம் வந்தது. வலப்பக்கம் போனாள். அங்கேயும். ஆள் உருவம் எதுவும் இல்லை. வட்டங்கள் மட்டும், ஒன்றன்பின் ஒன்றாக, திருடனை நோக்கி நடந்து வந்தன.

சாக்ஸபோன் நின்றுபோனது.

அவள் நாற்காலியின் முதுகு கிறீச்சிட்டது. யாரோ அதில் கை ஊன்றியதுபோல.

காதுமடலில் கிராம்பு வாடையோடு மூச்சு பட்டது.

"அதுக்குள்ள போறியா?"

மடிக்கணினியை மூடக்கூட இல்லை. கையில் கிடைத்த பையை எடுத்துக்கொண்டு, மாடிச்சாவியை மேஜைமேல் போட்டுவிட்டு, இறங்கி ஓடினாள். தெருமுனையில் டாக்ஸி பிடித்துத் தாத்தி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"என்னடி இது, பேயறைஞ்ச மாதிரி? முதல்ல உள்ள வா" என்று தாத்தி இழுத்து உட்காரவைத்து, சூடாக இஞ்சித் தண்ணீர் கொடுத்தாள். வுலான் எதையும் சொல்லவில்லை. சொன்னால், ஒரு வட்டத்துக்காகத் தினமும் அந்த அறைக்கு ஓடியதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

அங்கேயே தங்கிவிட்டாள். நன்றாகத் தூங்கினாள். தாத்தியோடு பக்ஸோ சாப்பிடப் போனாள். வாய்விட்டுச் சிரித்தாள். மழைக்காலமும் ஓய்ந்தது.

ஒரு சனிக்கிழமை, தாத்தி சந்தைக்குப் போயிருந்த நேரம், இபு எந்தின் போனில் கூப்பிட்டார்.

"உன் கம்ப்யூட்டர் இங்கயே கெடக்கு, நெங். வந்து எடுத்துக்கோ. சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டியேன்னு எனக்கு வருத்தம்தான். சரி, துணைக்கு ஆளு வந்ததுல ஒரு நிம்மதி."

"ஆளா? எந்த ஆளு, இபு?"

"அதான், அன்னைக்கு உன் பின்னாலயே குடை புடிச்சிக்கிட்டு வந்தாரே. தெருமுனை வரைக்கும் உன்மேல ஒரு பொட்டு மழை விழாம. முகம் தெரியல, குடை மறைச்சிடுச்சு. யாரு, உங்கப்பாவா?"

வுலான் போனைக் காதில் வைத்தபடியே திரும்பினாள்.

வெளியே வெயில் கண்ணைக் கூசவைத்தது. வாசல்படிக்கு உள்ளே, தாத்தியின் செருப்புகளுக்குப் பக்கத்தில், பழைய கறுப்புக் குடை ஒன்று விரித்துக் காயவைத்திருந்தது. அதன் கம்பி முனைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.