மஞ்சள் பூசிய பிள்ளை

ஈப்போவின் அந்த மலிவு விலை அடுக்குமாடியில் லிஃப்ட் வழக்கம்போல் படுத்துக்கொண்டது. பிரசவமான வீடுகளுக்குப் போய்த் தாயையும் பிள்ளையையும் பார்த்து வரும் கிளினிக் தாதி ஷாமினி, வாய்க்குள் திட்டிக்கொண்டே நான்காம் மாடிக்குப் படியேறினாள். இடது தோள் கழன்று விழுவதுபோல் வலித்தது. பையோ வலது தோளில்தான் இருந்தது.

நடைவழியின் கோடியில் விமலாவின் வீடு. பூட்டுத் தொங்கியது. ஷாமினி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

சென்ற மழைக்காலத்தில் அங்கேதான் அவள் தவறு செய்தாள். இருட்டறையில் பிள்ளை மஞ்சளாகத் தெரிந்தது. மஞ்சள் பூசிக் குளிப்பாட்டியதாக விமலா சொன்னாள். திரையை விலக்கி, ஈரப் பஞ்சால் ஒரு துடை துடைத்திருந்தால் போதும். பூசின மஞ்சள் பஞ்சில் ஒட்டிவிடும், காமாலையின் மஞ்சள் ஒட்டாது. ஷாமினிக்கு அகோரப் பசி. சரியென்று தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள்.

அது காமாலை. பிள்ளை பிழைக்கவில்லை.

யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. விமலாகூடச் சொல்லவில்லை. அதுதான் அவளை இன்றுவரை அரித்துக்கொண்டிருந்தது.

இன்று பார்க்க வேண்டியது கலாதேவியின் பிள்ளையை. கதவைத் திறந்த கலாதேவி, ஷாமினியின் தோளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"உள்ள வாங்க மிஸ்ஸி. மெதுவா."

தன் பிள்ளை தூங்குவதால் சொல்கிறாள் என்று ஷாமினி நினைத்துக்கொண்டாள்.

காற்றுப் படக்கூடாதென்று சன்னலையெல்லாம் அடைத்திருந்தார்கள். சாம்பிராணிப் புகையில் தொண்டை கமறியது. தொட்டிலுக்குள் குனிந்து பார்த்தாள்.

மஞ்சள்.

கடவுளே, இன்னொரு தடவை வேண்டாம். திரையைச் சரக்கென்று இழுத்தாள். வெயில் உள்ளே விழுந்தது. பஞ்சை நனைத்துப் பிள்ளையின் நெற்றியைத் துடைத்தாள்.

பஞ்சு மஞ்சளானது. அடியில் தோல் நல்ல சிவப்பாக இருந்தது. பிள்ளை வீறிட்டு அழுதது. ஷாமினிக்கும் கண் கலங்கிவிட்டது. பிள்ளை நன்றாக இருக்கிறது, இனிமேல் மஞ்சள் பூச வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தாள்.

கலாதேவி வாசல்வரை வந்தாள். ஏதோ கேட்கத் தயங்கினாள்.

"ஒங்க பிள்ளைக்கும் ஒருதரம் தொடச்சிப் பாருங்க, மிஸ்ஸி. வந்ததுலேருந்து கண்ணே தொறக்கல."

"எந்தப் பிள்ளை?"

"தோள்ல போட்டிருக்கீங்களே."

ஷாமினி மெல்லத் தலையைத் திருப்பினாள். இடது தோளில் எதுவும் இல்லை. ஆனால் சீருடையில், ஒரு சின்னக் கன்னம் சாய்ந்திருக்கும் அளவுக்கு, மஞ்சளாய் ஒரு கறை.

பஞ்சை நனைத்துத் துடைத்தாள். அழுத்தித் துடைத்தாள்.

பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.