விக்கல் பிடித்த துரைசாணி

பெயர் என்னவோ இராஜகுமாரி. கிடைத்ததோ வேலைக்காரி வேடம்!

கண்டி வாவிக்கு மேலே, மலைச்சரிவில் ஒரு பழைய பங்களா இருந்தது. யாரோ ஓர் ஆங்கிலேயத் துரை கட்டியது. 1934ஆம் ஆண்டு அதற்கு நூறு வயது நிறைந்தது. அதைக் கொண்டாட ஒருநாள் ஊர்மக்கள் எல்லோரும் உள்ளே வந்து பார்க்கலாம் என்று வீட்டுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். வெறும் கதிரையையும் அலுமாரியையும் பார்த்தால் போதுமா? அந்தக் காலத்தில் அங்கே எப்படி வாழ்ந்தார்கள் என்று, பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒவ்வோர் அறையிலும் வேடம் போட்டு வாழ்ந்து காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு.

சாப்பாட்டறையில் துரையின் மனைவி துரைசாணியாகக் கைரியா. அவளுக்குப் பணிவிடை செய்ய இராஜகுமாரி.

துரைசாணிக்கு நீலப் பட்டுக் கவுன், ரிப்பன் வைத்த தொப்பி, பேசுவதற்கு நிறைய வசனங்கள். வேலைக்காரிக்கு ஒரே ஒரு வசனம்: "இதோ வந்துட்டேன், துரைசாணி!" அதை எத்தனை நாள்தான் ஒத்திகை பார்ப்பது? இராஜகுமாரி துரைசாணியின் வசனங்களையும் சேர்த்தே மனப்பாடம் செய்துவிட்டாள். வீட்டில் யாரும் பார்க்காதபோது, அம்மாவின் சேலையைச் சுற்றிக்கொண்டு துரைசாணியாக நடந்தும் பார்த்தாள்.

அந்த நாள் வந்தது. வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கைரியா கவுனை உடுத்திக்கொண்டு, மேசைக்கு முன்னால் கம்பீரமாக உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள்.

"இக்!"

வேடங்களைப் பழக்கிய வடிவம்மா டீச்சர் திரும்பிப் பார்த்தார். "என்ன சத்தம் பிள்ளை அது?"

"ஒண்டுமில்ல டீச்... இக்!"

தண்ணீர் கொடுத்தார்கள். நிற்கவில்லை. மூச்சை அடக்கச் சொன்னார்கள். கன்னம் இரண்டும் பலூன் மாதிரி உப்பின. பிறகு முன்னைவிடப் பெரிதாக ஓர் "இக்!" வந்தது.

டீச்சர் கையைப் பிசைந்தார். "சனம் வந்திட்டுது. இனி என்ன செய்யிறது? இராஜகுமாரி, உனக்கு அந்த வசனமெல்லாம் பாடம்தானே? கெதியா ரெண்டு பேரும் உடுப்பை மாத்துங்கோ."

நீலக் கவுன்! ரிப்பன் தொப்பி! இராஜகுமாரி ஓடிப்போய்க் கைரியாவின் பக்கத்தில் நின்றாள்.

கைரியா அழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பொத்தானைக் கழற்றத் தொடங்கினாள். பொத்தான் பாதியிலேயே சிக்கிக்கொண்டது.

"வாப்பா வாறாங்க... இக்! கடையைப் பூட்டிட்டு... வத்தேகமயிலிருந்து... இக்! என்னைப் பாக்க" என்றாள் மெதுவாக. "பெருநாளைத் தவிர... இக்! ஒருநாளும் கடையைப் பூட்டினதில்ல."

இராஜகுமாரி கவுனைப் பார்த்தாள். பளபளவென்று எவ்வளவு அழகு! பிறகு கைரியாவின் முகத்தைப் பார்த்தாள். பெருமூச்சு ஒன்று விட்டு, பாதி கழன்ற பொத்தானைத் தானே பூட்டிவிட்டாள்.

"டீச்சர், நூறு வருஷத்துக்கு முன்னாடி யாருக்கும் விக்கல் வந்திருக்காதா?"

"வந்திருக்கும். அதுக்கென்ன இப்ப?"

"அப்ப, துரைசாணிக்கும் வந்திருக்குமே!"

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நடையில் காலடிச் சத்தம் கேட்டது. வேறு வழியில்லாமல் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

கூட்டம் உள்ளே நுழைந்ததும் இராஜகுமாரி உதட்டில் விரலை வைத்தாள்.

"வாங்க, வாங்க! மெதுவா வாங்க. எங்க துரைசாணிக்குக் காலையிலிருந்து விக்கல். பங்களாவில உள்ள வைத்தியமெல்லாம் பாக்கப் போறோம்."

"இக்!" என்றாள் துரைசாணி. எல்லோரும் சிரித்தார்கள்.

"முதல்ல தண்ணி. இதோ பாருங்க, இந்தக் கல் தொட்டியில தண்ணிய ஊத்தினா, கல்லுக்குள்ள கசிஞ்சு சொட்டுச் சொட்டா சுத்தமா இறங்கும். குடிங்க துரைசாணி!"

கைரியா சுண்டுவிரலை நீட்டிக்கொண்டு நாகரிகமாகக் குடித்தாள். எல்லோரும் மூச்சுவிடாமல் காத்திருந்தார்கள்.

"இக்!"

"சரி, காத்து வாங்கினா நிக்கும்" என்று சொல்லி, இராஜகுமாரி சுவரோரம் தொங்கிய கயிற்றை இழுத்தாள். கூரையில் கட்டியிருந்த பெரிய துணி விசிறி முன்னும் பின்னும் ஆடியது. நூறு ஆண்டுத் தூசு முழுவதும் கீழே நின்ற ஒரு மீசைக்காரர் தலையில் கொட்டியது. அவர் தும்மினார். துரைசாணி விக்கினாள்.

"சீனி தின்னக் குடுங்க!" என்றது ஒரு சிறுமியின் குரல். "பயங்காட்டுங்க!" என்றார் மீசைக்காரர்.

கைரியாவுக்கும் தைரியம் வந்துவிட்டது. "இங்கிலாந்திலிருந்து கப்பலில்... இக்! வந்தபோதும் இப்படித்தான். நான் விக்க விக்க... இக்! கப்பலே ஆடியது!" என்றாள்.

அது எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை! கூட்டம் கைதட்டியது. திரைக்குப் பின்னாலிருந்தும் ஒரு கைதட்டல் கேட்டது.

அந்தக் கூட்டம் போனதும் அடுத்த கூட்டம் முண்டியடித்துக்கொண்டு வந்தது. "விக்கல் துரைசாணி எங்க?" என்று கேட்டுக்கொண்டேதான் வந்தார்கள்.

கைரியா இராஜகுமாரியின் காதில் கிசுகிசுத்தாள். "ஐயோ! எனக்கு விக்கல் நிண்டுட்டுது!"

"அப்ப பொய்யா விக்கு!"

பொய் விக்கல் உண்மை விக்கலைவிட நன்றாகவே இருந்தது.

மாலையில் கடைசிக் கூட்டம் வந்தது. அதில் துருக்கித் தொப்பி போட்ட உயரமான மனிதர் ஒருவர், கையில் ஒரு பொட்டலத்தோடு வந்தார். கைரியாவின் வாப்பா பளீல். மகளைக் கவுனில் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"இக்!" என்றாள் மகள்.

"யா அல்லாஹ்! புள்ளைக்கு விக்குதே! தண்ணி குடுங்க!" வாப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார். பொட்டலத்தை மேசையில் வைத்தார். ஒரு கையால் கல் தொட்டியில் தண்ணீர் மொண்டார். மறு கையால் விசிறிக் கயிற்றை இழுத்தார்.

"இவர்தான் துரை போல. என்னமா நடிக்கிறார்!" என்று ஓர் அம்மாள் வியந்தார்.

கைரியா தண்ணீரைக் குடித்தாள். விக்கல் உடனே நின்றது. நிற்காமல் என்ன செய்யும்?

"அல்ஹம்துலில்லாஹ்!" வாப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டு இராஜகுமாரியிடம் திரும்பினார். "மகள், நான் வாற வரைக்கும் இவளைப் பக்கத்தில நிண்டு பாத்துக்கிட்டீங்க. பெரிய உபகாரம் மகள்."

இராஜகுமாரிக்குச் சிரிப்பை அடக்கவே பெரும்பாடாக இருந்தது.

"அவள் என்னென்ன செஞ்சாள் எண்டு உங்களுக்குத் தெரியாது வாப்பா" என்றாள் கைரியா. ஆட்கள் போனபின் ஒன்றுவிடாமல் சொன்னாள். கழற்றப் போன பொத்தானைப் பற்றிச் சொல்லும்போது இராஜகுமாரியின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

வாப்பா பொட்டலத்தைப் பிரித்தார். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து உம்மா அவித்துக் கொடுத்தனுப்பிய வட்டிலப்பம் கமகமவென்று மணத்தது. டீச்சர் தட்டுகளோடு வந்தார். "இண்டைக்கு என்ர மானத்தையும் காப்பாத்தினது இந்தப் பிள்ளைதான்" என்று இராஜகுமாரியின் கன்னத்தைத் தட்டினார்.

எல்லோரும் அந்தப் பழைய மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வாப்பா வட்டிலப்பத்தை வெட்டினார். முதல் துண்டு வேலைக்காரிக்குத்தான் என்று துரைசாணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.